கொடுக்கு மாறிய இறால்

லேப் அக்கா வீட்டுக்கு முதல்முறையாக வருகிறவர்கள் எப்படியும் ஒரு தடவை துள்ளி விழுவார்கள். நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் தம்ளரை வாயருகே கொண்டுபோகும் நேரம் பார்த்து, கூடத்து மூலையில் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். கண்ணாடி எங்கோ விரிசல் விட்டது மாதிரி இருக்கும். வந்தவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள். "ஒண்ணுமில்ல, கொத்தனார் வேலையில இருக்கார்" என்பாள் லேப் அக்கா, முகமெல்லாம் பெருமையாக.

கொத்தனார் என்பது ஓர் இறால். விரல் நீளம்தான் இருக்கும். வண்ணமீன் கடைக்காரர்கள் அதைப் பிஸ்டல் இறால் என்கிறார்கள். அதன் இரண்டு கொடுக்குகளில் ஒன்று, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் தடித்துப் பெருத்திருக்கும். அதை மடக்கிச் சொடுக்கினால்தான் அந்தச் சத்தம். இத்தனை வீராப்புக் காட்டுகிற ஆளுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆகவே அதற்கு ஒரு துணை உண்டு. மஞ்சளாக, உருண்டைக் கண்ணும் பிதுங்கிய உதடுமாக, எப்போதும் யாரிடமோ கோபித்துக்கொண்டதுபோல இருக்கும் ஒரு கோபி மீன். அதன் பெயர் வாட்ச்மேன். இரண்டுக்கும் ஒரே வளை. கொத்தனார் பகல் முழுவதும் மணலை அள்ளி அள்ளி வெளியே கொட்டுவார். வாட்ச்மேன் வாசலில் நின்று நாலா பக்கமும் பார்ப்பார். வெளியே வரும்போதெல்லாம் கொத்தனார் தன் நீண்ட மீசையில் ஒன்றை எடுத்து வாட்ச்மேனின் வால் மேல் வைத்துக்கொள்வார். வால் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தால் போதும், போட்டது போட்டபடி உள்ளே ஓடிவிடுவார். ஏன், எதற்கு என்ற கேள்வியெல்லாம் கிடையாது.

அந்த மீசையைப் பார்ப்பதற்காகத்தான் லேப் அக்கா உப்புத் தண்ணீர்த் தொட்டி என்கிற அந்தப் பெரும் தொல்லையை வீட்டுக்குள் இழுத்து வைத்தாள். கடல் உப்பைப் பாக்கெட்டில் வாங்கி, அளந்து கரைத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, பம்ப் சத்தம் மாறினால் பாதிக் குளியலில் ஓடி வந்து, எல்லாம் இதற்காகத்தான். வேலை விட்டு வந்ததும் தொட்டி முன் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். அப்போது அவளை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வராது.

அவளுக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். பகல் முழுக்கப் பொய் கேட்கிற வேலை அது. "வெறும் வயித்துலதான் வந்திருக்கேன்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். உதட்டோரம் காலைச் சாப்பாடு ஒட்டிக்கொண்டிருக்கும். மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறேன் என்பார்கள், சர்க்கரை அளவு வானத்தில் நிற்கும். சந்தேகம் வந்தால் அவள் எதுவும் சொல்ல மாட்டாள். அதே ரத்தத்தை மெஷினில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பாள். இரண்டாவது தடவையும் அதே முடிவு வந்தால்தான் வாயைத் திறப்பாள். வேலையிடத்தில் யாரையும் நம்பாததற்கும் சேர்த்து வீட்டில் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, காலுக்கடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்துக்கொண்டே, "அருமையா ஓட்டுறீங்க சார்" என்று சொல்லத் தெரிந்த மனிதர். நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் அந்த ஒரு சொல்லில் தெளிந்துவிடுவார்கள். லேப் அக்காவும் அவரிடம்தான் வண்டி கற்றாள். கற்றுக்கொண்டு கல்யாணமும் செய்துகொண்டாள். இத்தனை வருடம் கழித்தும், அவர் கீழே இறங்கி நின்று "வா... வா... வரலாம்" என்றால், கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுப்பாள்.

இப்படி இருந்தபோதுதான் தங்கைக்குப் பிரசவம் வந்தது. அம்மா இல்லாத பெண்கள் இருவரும். தங்கைக்கு அக்காதான் எல்லாம். லீவு சொல்லிவிட்டு, பெட்டி கட்டிவிட்டு, கணவனையும் மகளையும் தொட்டி முன்னால் நிறுத்தி வகுப்பு எடுத்தாள். தண்ணீர் வற்றினால் வெறும் தண்ணீர்தான் விட வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது. மூடியைத் திறந்து போட்டால் வாட்ச்மேன் குதித்துவிடும். வளைக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லை அசைக்கவே கூடாது.

"எது நடந்தாலும் எனக்கு போன் பண்ணுங்க. நீங்களா எதையும் அதுல ஊத்தாதீங்க" என்றாள்.

"நீ நிம்மதியா போயிட்டு வாம்மா. நான் அருமையா பாத்துக்கறேன்" என்றார் மாஸ்டர்.

கல்லூரிக்குப் போகும் மகள், "அம்மா, நீ எனக்குக்கூட இவ்ளோ சொல்லலியே. ரெண்டு பூச்சிக்கு இவ்ளோவா?" என்று சிரித்தாள்.

தங்கை வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, தங்கைக்குச் சமைத்துப் போடுவது என்று ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. தினமும் வீட்டுக்குப் பேசுவாள். மகள் சாப்பிட்டாளா, கேஸ் வந்ததா என்று கேட்டுவிட்டு, கடைசியில், "கொத்தனார் எப்படி இருக்கார்?" என்பாள். "வேலை பலமா நடக்குது" என்பார் மாஸ்டர். வீடியோவில் காட்டச் சொன்னால் வாட்ச்மேனின் கோபித்த முகம் தெரியும். "அவர் உள்ள இருக்காரும்மா. காலைலகூடப் பாத்தேன்" என்று மகளின் குரல் பின்னாலிருந்து வரும். பக்கத்தில் குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை, "உள்ளதான் இருக்கும், விடுக்கா. எங்க போயிடப் போகுது" என்பாள்.

ஊர் திரும்பிய அன்று, தோள் பையைக்கூட இறக்காமல் தொட்டி முன்னால் போய் நின்றாள். வாட்ச்மேன் வாசலில் இருந்தது. சற்று நேரத்தில் வளைக்குள்ளிருந்து மணல் தள்ளிக்கொண்டு வந்தது. பின்னாலேயே கொத்தனார். அவளுக்கு மனசெல்லாம் குளிர்ந்தது.

அடுத்த கணம், "ஐயோ! கொடுக்கு!" என்றாள்.

பெட்டியைத் தூக்கி வந்த மாஸ்டர் அப்படியே நின்றார். சமையலறை வாசலில் மகள் நின்றாள். கொத்தனாருக்குப் பெரிய கொடுக்கு எப்போதும் வலது பக்கம். இப்போது அது இடது பக்கம் இருந்தது. லேப் அக்கா கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தாள்.

பிறகு அவளே கைதட்டிச் சிரித்தாள். "தெரிஞ்சுபோச்சு! பெரிய கொடுக்கு உடைஞ்சிருக்கும். அப்படி உடைஞ்சா என்ன ஆகும் தெரியுமா? பாம்பு மாதிரி சட்டை கழட்டும்போது இந்தப் பக்கம் இருக்கிற சின்னக் கொடுக்கு பெருசாயிடும். உடைஞ்ச இடத்துல சின்னது முளைக்கும். நான் படிச்சிருக்கேன், பாத்ததில்ல. நம்ம வீட்டுலயே நடந்திருக்கு பாருங்க!"

மாஸ்டர் பெட்டியை மெல்லக் கீழே வைத்தார். "ஓ, அப்படியா! அதான் நடுவுல கொஞ்ச நாள் வெளியவே வரல. நாங்ககூடப் பயந்துட்டோம். இல்ல பாப்பா?"

"ஆமா" என்றாள் மகள்.

அன்று சாப்பாட்டு மேசையில் லேப் அக்கா வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. உடம்பில் பட்டைகள் கொஞ்சம் கருத்திருக்கின்றனவே, அது புதுச் சட்டை என்பதால். வளையின் வாசல் இடம் மாறியிருக்கிறதே, அது கொத்தனார் வீட்டை மாற்றிக் கட்டியதால். மீசை முன்போல வால் மேல் அழுந்தாமல் பட்டும் படாமலும் இருக்கிறதே, அது கொடுக்கு போன அதிர்ச்சி, சரியாகிவிடும். கண்ணில் பட்ட ஒவ்வொரு ஓட்டைக்கும் அவளே ஒரு ஒட்டுப் போட்டுத் தைத்தாள்.

"நிஜமாவே அப்படி மாறுமாம்மா? சைடே மாறிடுமா?" என்று மகள் கேட்டாள்.

இந்தப் பெண் ஒருநாளும் இந்தத் தொட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. லேப் அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சாப்பிட்ட கை காயும்வரை விளக்கினாள். மாஸ்டர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். "உனக்கு இதெல்லாம் எப்படித்தான் தெரியுதோ" என்றார். அவள் தங்கைக்கும் போன் செய்து, மூச்சு விடாமல் சொன்னாள். "அப்படியாக்கா, பரவாயில்லயே" என்றாள் தங்கை.

அந்தச் சந்தோஷம் சில நாட்கள்தான் இருந்தது.

முதலில் மணல் வெளியே வருவது குறைந்தது. அப்புறம் சத்தம் நின்றது. வளையின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தபோது அதை எடுத்துக் கட்ட ஆள் வரவில்லை. கொத்தனார் வாசலுக்கு வெளியே வந்து, இருந்த இடத்திலேயே இருந்தார். மீசை மட்டும் வாட்ச்மேனின் வால் மேல் கிடந்தது.

லேப் அக்கா தன்னிடம் இருந்த சோதனைகளையெல்லாம் செய்தாள். உப்பு சரியாக இருந்தது. அம்மோனியா இல்லை. சூடு சரி. எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கும்போது உயிர் மட்டும் ஏன் போகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நீ வந்தன்னைக்குத் தண்ணி மாத்தினியே..."

"ஆமா. ஒரு மாசமா மாத்தலியேன்னு மாத்தினேன்."

"அது புது உப்புப் பாக்கெட்டுல்ல? நான் சும்மாதான் சொல்றேன். நான் பாத்துகிட்டவரை நல்லாத்தான் இருந்துச்சு, அதான் யோசிச்சேன்."

லேப் அக்கா அதை நினைத்திருக்கவில்லை. நினைத்துப் பார்த்ததும் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. வழக்கமான உப்பு கடையில் இல்லை என்று வேறு பாக்கெட் வாங்கியது அவள்தான். வந்த களைப்போடு அவசர அவசரமாகக் கரைத்ததும் அவள்தான். இரண்டு பேரிடம் பத்திரமாக இருந்த உயிரை, வந்த கையோடு கெடுத்துவிட்டாளா? பதறிப்போய்த் தண்ணீரை மறுபடி மாற்றினாள். அதில் இறால் இன்னும் சோர்ந்தது.

ஒரு காலையில் அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வாட்ச்மேன் அதை விட்டு நகரவில்லை. மேலே நின்றுகொண்டு வாலைச் சிலிர்த்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி சிலிர்த்தது. ஆபத்து, உள்ளே போ என்று அதற்குத் தெரிந்த ஒரே பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தது. லேப் அக்கா நீளக் கரண்டியை விட்டு இறாலை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "நான்தான் கொன்னுட்டேன். அவசரப்பட்டு நானே கொன்னுட்டேன்."

மாஸ்டர் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "விடும்மா. யாருக்கும் தப்பு நடக்கும். நீ வேணும்னா செஞ்ச?"

இதைவிட அன்பாக ஒரு மனிதர் பேச முடியாது. அவள் அந்தத் தோளிலேயே சாய்ந்து, அவர் சொன்னதை நன்றியோடு வாங்கிக்கொண்டாள். அதை நினைத்தால்தான் பிற்பாடு அவளுக்கு ஆறவே இல்லை.

தான் செய்த தப்பை இன்னொருவர் செய்துவிடக் கூடாது என்று, மீதி உப்புப் பாக்கெட்டையும் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு வண்ணமீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். ஒரு கையால் மீன் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த உப்புல ஒரு குறையும் இல்ல மேடம். நாலு கடைக்காரங்க இதத்தான் ஓட்டறாங்க."

"அப்போ இறால் ஏன் செத்துச்சு?"

"தண்ணிய குடுங்க, பாத்துடுவோம்."

ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அவள் ஏற்கெனவே பார்த்ததுதான். கடைசியாக இன்னொரு புட்டியைத் திறந்து சில சொட்டுகள் விட்டுக் குலுக்கினார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நீலமாகத் திரண்டது.

கடைக்காரரின் வாய் முதல் தடவையாக ஓய்ந்தது. "மேடம், மருந்து ஏதாச்சும் ஊத்துனீங்களா?"

"மருந்தா? என்ன மருந்து?"

"இது காப்பர். மீனுக்கு வர்ற வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஊத்துற மருந்துல இருக்கும். மீன் தாங்கிக்கும். இறாலுக்கு அது விஷம்."

அது லேப் அக்காவுக்குத் தெரியாதா? உப்புத் தண்ணீர்த் தொட்டி வைக்கிறவர்கள் முதலில் கற்கும் பாடமே அதுதானே. தாமிரத்தை வாசல்படிகூடத் தாண்ட விடாதவள் அவள். அதனால்தான் அதைச் சோதிக்கும் புட்டி அவளிடம் இல்லை.

"இன்னொரு தடவை பாருங்க" என்றாள்.

இன்னொரு தடவையும் நீலம்தான் வந்தது.

"அப்போ சார் அந்த மருந்த பெரிய தொட்டிலயே ஊத்திட்டாரா?" என்று தலையைச் சொறிந்தார் கடைக்காரர். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. மீனைப் பிடிச்சு தனி டப்புல விட்டு ஊத்துங்க, இறால் இருக்கிற தண்ணில ஒரு சொட்டு விழக் கூடாதுன்னு. சரி சரின்னாரே."

"எந்த சார்?"

கேட்டுவிட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"உங்க சார்தான். நீங்க ஊர்ல இல்லன்னார். அப்புறம் இன்னொரு இறால் வேணும்னு வந்தார். 'மருந்த தனி டப்புல தானே போட்டீங்க'ன்னு கேட்டேன், 'ஆமா ஆமா'ன்னார். அப்ப பாப்பாவும் கூட வந்திருந்துச்சு. பழைய இறாலோட போட்டோவ மொபைல்ல வச்சு, பட்டையெல்லாம் ஒண்ணொண்ணா ஒப்பிட்டுப் பாத்துச்சு. பெரிய கொடுக்கு வலது பக்கம் இருக்கிறதுதான் வேணும்னுச்சு. என்கிட்ட அப்போ அது இல்ல. 'பரவாயில்ல விடு பாப்பா, அம்மா கவனிக்க மாட்டாங்க'ன்னு சார் சொல்லிட்டார். சர்ப்ரைஸ்னாங்க, நான் என்ன கண்டேன்?"

அம்மா கவனித்தாள். கவனித்த அம்மா என்ன செய்தாள் என்று கடைக்காரருக்குத் தெரியாது. கைதட்டிச் சிரித்து, அவர்கள் பொய்யை அவர்களுக்கே பாடமாக எடுத்தாள். லேப் அக்காவுக்குக் காது மடல் சுட்டது. செத்தவனின் இடத்தில் வேறொருவனை உட்கார வைத்து, அவள் அவனைக் கொஞ்சுவதை மூன்று வேளையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வாட்ச்மேனுக்கும் முதல் நாளே தெரிந்திருக்கும். வாலைத் தொடுகிற மீசை வேறு என்று தெரியாமலா இருக்கும்? அதுவும் வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிடத்தில் அவளுக்கு மீன் மேலும் கோபம் வந்தது.

நீலத் தண்ணீர்க் குழாயை மூடிபோட்டுக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மாஸ்டர் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் சோபாவில் போனும் கையுமாக இருந்தாள். லேப் அக்கா மேசை முன் உட்கார்ந்தாள். மனதுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் கேட்டாள். இப்போதாவது இந்த மனிதர் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டால் பாதியை மன்னித்துவிடலாம் என்று நினைத்தாள்.

"ஏங்க, நான் மாத்தின தண்ணிதான் காரணம்னு நீங்க நிஜமாவே நினைக்கிறீங்களா?"

மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்தப் பழைய கனிவோடு திரும்பினார். "இன்னும் அதையே நினைச்சுகிட்டு இருக்கியா? தெரியாம நடந்தது. உன்ன யாராச்சும் குத்தம் சொன்னமா?"

அவள் குழாயை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இது என்ன?"

"தொட்டித் தண்ணி. மருந்து கலந்திருந்தா இந்தக் கலர் வருமாம். ரெண்டு தடவை பாத்துட்டு வந்தேன்."

மகள் போனைக் கீழே வைத்தாள். மாஸ்டர் சட்டையின் காலரை நீவினார், பிறகு மறுபடி நீவினார். வழியில்லை என்று தெரிந்ததும் பேசினார். மீன் மேலெல்லாம் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி வந்துவிட்டதாம். அது செத்துவிடுமோ என்று பயந்துதான் மருந்து வாங்கினாராம். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் கல்லையெல்லாம் கலைக்க வேண்டும், கல்லை அசைக்காதே என்று அவள்தானே சொல்லியிருந்தாள்?

"கடைக்காரர் சொன்னாரா, இல்லையா?"

"சொன்னார். அன்னைக்கு ஸ்கூல்ல ரெண்டு பேருக்கு டெஸ்ட் இருந்துச்சு. கல்லக் கலைச்சு, மீனப் பிடிச்சு, ஒரு நாளே போயிடும். கொஞ்சமாத்தானே ஊத்தறோம், ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"பண்ணா நீ பதறுவ. பச்சைக் குழந்தைய விட்டுட்டுக் கிளம்பி வந்துடுவ. உன் தங்கச்சிகூட, 'அக்காகிட்ட இப்ப சொல்லாதீங்க மாமா'ன்னுதான் சொன்னா."

அவர் தன் மேல் இருந்த பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கத்தான் அதைச் சொன்னார். லேப் அக்கா அவரையே பார்த்தாள். எங்க போயிடப் போகுது என்று துணி மடித்த தங்கை. அவளோடு ஒரே பாயில் படுத்து, அவள் ஆற்றிக் கொடுத்த பாலைக் குடித்து, எல்லாம் தெரிந்துகொண்டே இருந்தவள்.

"ஒரு இறாலுக்காகப் பச்சைப் பிள்ளைக்காரிய விட்டுட்டு ஓடி வருவேன்னு நினைச்சீங்களா, எல்லாரும் சேந்து? அவ்ளோ பைத்தியமா நான்?"

"அம்மா, நாங்க சொல்லத்தான் இருந்தோம்" என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது. "நீ வந்தன்னைக்கே சொல்லிடலாம்னு இருந்தோம். ஆனா நீயே கொடுக்கு மாறும்னு சொன்ன. அவ்ளோ சந்தோஷமா சொன்ன. உன்ன அப்படிப் பாத்துட்டு எப்படிம்மா சொல்றது?"

"ஆமா, சந்தோஷமாத்தான் இருந்தேன். நீ கேள்வி கேக்கறேன்னு சந்தோஷம். உங்கப்பா தலையாட்டறார்னு சந்தோஷம். ஒரு பைத்தியக்காரி ஆடறத உக்காந்து பாத்திருக்கீங்க."

"ஒரு இறால் போனதுக்குப் போய்..." என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"இறால் போனதுக்கு இல்லங்க!" முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "நீங்க கொன்னத நான்கூட விட்டுடுவேன். சோம்பேறித்தனத்துல செஞ்சீங்க, போகட்டும். அத எடுத்து என் மேல வச்சீங்களே. புது உப்பா, நான் சும்மாதான் சொல்றேன்னு. அது செத்தப்ப நான் அழுதேன். நான்தான் கொன்னேன்னு அழுதேன். அப்ப என் தோளைப் பிடிச்சுகிட்டு 'யாருக்கும் தப்பு நடக்கும்'னீங்க. யாரோட தப்ப யாருக்கு மன்னிச்சீங்க?"

மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். பிறகு, நல்ல பிள்ளை மாதிரி, "நாளைக்கே தண்ணி முழுசா மாத்திடறேன். நீயே வந்து நல்ல இறாலா பாத்து எடு. வலது பக்கக் கொடுக்கு உள்ளதா" என்றார்.

அவள் சிரித்தாள். அழுகையைவிட அது மோசமாக இருந்தது. "தண்ணி மாத்தினா போகாதுங்க. கல்லு குடிச்சிருக்கும், மணல் குடிச்சிருக்கும். எவ்ளோ மாத்தினாலும் கொஞ்சங் கொஞ்சமா விட்டுகிட்டே இருக்கும். ரெண்டாவது ஏன் செத்துச்சுன்னு நினைக்கிறீங்க? இனி இந்தத் தொட்டில இறால் இருக்க முடியாது."

மறுநாள் வாட்ச்மேனை ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தாள். கல்லையும் மணலையும் மாஸ்டரே வாளி வாளியாக இறக்கிக் கொட்டினார். யாரும் சொல்லாமலே செய்தார். பம்ப் நின்ற கூடத்தில் சுவர்க் கடிகாரச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவர் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார், பாத்திரம் கழுவினார், மகள் வந்து மடியில் தலை வைத்தாள். லேப் அக்கா அந்தத் தலையைக் கோதத்தான் செய்தாள். கெட்டவர்கள் இல்லை அவர்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

தங்கையின் போனை மட்டும் அவள் எடுக்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தவள், ஒருநாள் பரிசோதனைக் கூடத்தின் நம்பருக்கே கூப்பிட்டுவிட்டாள்.

"அக்கா, வச்சுடாத. குழந்தைக்கு உடம்பு கொஞ்சம் மஞ்சளாத் தெரியுதுன்னு டாக்டர்கிட்ட காட்டினோம். ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. பயப்பட ஒண்ணுமில்ல, குறைஞ்சுகிட்டு வருதுன்னு சொல்லிட்டாங்க. உன்கிட்ட சொல்லாம இருக்க மனசு வரல."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்க்கா."

"குறைஞ்சுகிட்டு வருதுன்னு அவங்களே சொன்னாங்களா? இல்ல நான் பதறுவேன்னு நீ சொல்றியா?"

தங்கை அழ ஆரம்பித்தாள். "பெத்த பிள்ளை விஷயத்துல நான் பொய் சொல்வேனாக்கா? என்னப் பாத்து இப்படிக் கேக்கறியே!"

லேப் அக்காவுக்கும் கண் நிறைந்தது. தூக்கி வளர்த்த தங்கை அவள். "அழாத. படம் ஒண்ணு அனுப்பு" என்று மட்டும் சொன்னாள்.

படம் உடனே வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் குழந்தை கொழுகொழுவென்று, பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, லேப் அக்கா அந்தப் படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, இது இன்று எடுத்த படம்தானா என்று பார்த்தாள்.